பேட்டரி ஓய்வில் இருக்கிறது

வண்டியின் சாவியைக் கையில் கொடுக்கும் முன் எல்லோரும் கைதட்டினார்கள். தலையாட்டியும் தட்டினார். யாருக்காக இந்தக் கைதட்டல் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துத் தட்டிக்கொண்டிருந்ததால், நமக்கு நாமே தட்டிக்கொள்கிறோம் போலிருக்கிறது என்று ஊகித்து, அடக்கத்துக்காகச் சற்று மெதுவாகத் தட்டினார்.

தலையாட்டி என்பது முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவார், யோசிப்பதெல்லாம் பிறகுதான். அச்சகத்தை மூடப்போவதாக உரிமையாளர் அறிவித்தபோதும் முதலில் ஆடியது அவருடைய தலைதான். அதற்குப் பிறகு வெகுகாலம் வீட்டில் இருந்தார். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு முடித்து, மனைவியின் தையல் மெஷினைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கிய சமயத்தில், நல்லவேளையாக ஒரு வேலை கிடைத்தது.

செயற்கைப் பல் செய்யும் பட்டறை அது. அங்கே செய்கிற பல்செட்டுகளைப் பல் மருத்துவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் பேருந்தில் போய்வந்தார். ஒருநாள் ஒரு முழுச் செட்டை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தப் பல் கடைசி நிறுத்தம் வரை போய், இறக்கிவிட ஆளில்லாமல் அதே பேருந்தில் திரும்பி வரும்போது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பயணியின் மடியில் திறந்துகொண்டது. பயணி போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பேருந்தை ஒரு கடைக்குள் விட்டார். அன்றிலிருந்து பட்டறை முதலாளிக்குப் பேருந்து என்ற சொல்லே ஆகாது.

ஆகவே தலையாட்டி வண்டி வாங்கினார். அதாவது, அவர் வாங்குவதாக நினைத்துக்கொண்டு போனார். அந்த மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வாங்குவது விற்பது என்ற பேச்சே கிடையாது. வருகிறவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கென்று ஒரு விழா. கதவளவு பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து அவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அட்டைச் சாவி வண்டியையும் மறைத்தது, அவரையும் மறைத்தது. கிளை மேலாளர் வந்து கைகுலுக்கினால்தான் விழா தொடங்கும். அவர் நேரம் தவறாமை பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று தகவல் வந்தவண்ணம் இருந்தது.

"அதுவரைக்கும் லைட்டெல்லாம் எரியட்டும்," என்றார் ஓர் இளைஞர். அவர் சட்டையில் 'மகிழ்ச்சி அலுவலர்' என்று அட்டை குத்தியிருந்தது. "வண்டி உயிரோட இருக்கிற மாதிரி தெரியணும்."

ஹெட்லைட் எரிந்தது. இண்டிகேட்டர்கள் இருபுறமும் கண்ணடித்தன. ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து வண்டியில் சாய்ந்து, ஹாரனை அழுத்தி, படம் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினை மட்டும் யாரும் போடவில்லை. தரையில் புகை படியுமாம். நண்பகல் போய்ப் பிற்பகலும் போயிற்று. முதலில் பால்போல் இருந்த ஹெட்லைட் வெளிச்சம் மாலையில் வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. படத்துக்கு அந்த நிறம்தான் எடுப்பு என்றார் மகிழ்ச்சி அலுவலர்.

மேலாளர் வந்தார். வயிறும் கழுத்துப்பட்டையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

"நாங்க யாரையும் வாடிக்கையாளர்னு சொல்றதில்லை," என்று கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். கூட்டம் என்பது அவருடைய ஊழியர்கள்தான். "வாடிக்கையாளர்னா நல்லா இல்லைன்னா வேற கடைக்குப் போயிடுவாரு. குடும்பத்துல அப்படிப் போக முடியுமா? எது எப்படி இருந்தாலும் சகிச்சிட்டு இங்கதான் இருக்கணும். அதனாலதான் குடும்பம்னு சொல்றோம்."

கைதட்டல். தலையாட்டியின் தலை ஆடியது. முதல் சாவி வந்தது. இரண்டாவது சாவியை மேலாளர் தம் பையில் போட்டுக்கொண்டார். குடும்ப உறுப்பினர் வந்து வாசலில் இருக்கும் இயந்திரத்தில் சிரிக்கும் முகத்தை அழுத்தினால்தான் அது கிடைக்கும். அதற்குப் பெயர் மகிழ்ச்சிச் சாவி. அழுத்துவதற்கு மூன்று முகங்கள் இருந்தன. அழும் முகத்தின் மேல் ஒரு ரோஜாப்பூ ஒட்டியிருந்தது.

வண்டி ஒருமுறை முனகிவிட்டுக் கிளம்பியது. வீடு பக்கத்துத் தெருதான். வழியில் பட்டறைக்குள் நுழைந்து, மறுநாள் கொண்டுபோக வேண்டிய முதல் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"மேலயும் கீழயும் முழுச் செட்டு," என்றார் பட்டறை முதலாளி. "நாளைக்குச் சாயங்காலம் மேடையில பேசப்போறவராம். வாயில ஒரு பல்லு கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாக்டர்கிட்ட காலையிலயே போய்ச் சேரணும். உங்க வண்டியில கொண்டுபோய் அவர் கையிலதான் குடுக்கணும், வேற யார் கையிலயும் குடுக்கக்கூடாது. இது உங்க முதல் நாள். என் மனைவியோட தம்பி ஒருத்தன் வண்டி வச்சிட்டு சும்மாதான் இருக்கான். நான் எதுவும் சொல்லல."

அவர் எதுவும் சொல்லாததற்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினார். வண்டி 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். இம்முறை அதுகூடச் சொல்லவில்லை.

மனைவி சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். "என்னங்க, இன்னும் கிளம்பலையா?"

"நான் கிளம்பிட்டேன். வண்டிதான் கிளம்பல."

"நேத்து தெரு முனையில வரும்போதே என்ன கத்து கத்துச்சு."

"தொண்டை கட்டிக்கிச்சு போல."

"காலால உதைப்பாங்களே, அதைப் பண்ணிப் பாக்கிறதுதானே?"

"புது மாடல்ல உதைக்கிறதெல்லாம் எடுத்துட்டாங்களாம்."

"அப்ப இந்த மாதிரி நேரத்துல யாரை உதைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவள் சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் திணித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க. இந்த வேலையும் போயிடுச்சுன்னா நீங்க திரும்ப வீட்டுலதான் இருப்பீங்க. என் தையல் மெஷின் இன்னும் பின்னாடி பின்னாடிதான் தைக்குது. என்னால முடியாது."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்து கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். வண்டி உருண்டதே தவிர உயிர் வரவில்லை. முனைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று தலையாட்டி கேட்டார்.

"வாரண்டி இருக்கிற வண்டியில வெளி ஆள் விரல் பட்டா அவ்வளவுதான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "எங்க அண்ணன் வண்டியில சீட்டை ஒருத்தன் துடைச்சான், எஞ்சினுக்கு வாரண்டி இல்லைன்னுட்டாங்க. கம்பெனிக்கே தள்ளிட்டுப் போங்க. குடும்பம்னு வேற சொல்லியிருக்காங்க."

தள்ளிக்கொண்டு போனார். சர்வீஸ் வாசலில் தரை முழுக்க ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டில் முன்சக்கரம் படுவதற்கு முன் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"ஓட்டிட்டு வாங்க."

"ஓடலைங்க. அதுக்காகத்தான் கொண்டு வந்தேன்."

"ஓடுற வண்டிதான் கோட்டைத் தாண்டலாம். தள்ளிட்டு வர்றதெல்லாம் வண்டி இல்லை, சாமான். சாமானுக்குப் பின்வாசல். பின்வாசல் பூட்டியிருக்கு."

"ஓடுற வண்டிக்கு எதுக்குங்க சர்வீஸ்?"

காவலாளி இந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டதில்லை போலும். குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார். "ஓடாத வண்டியை உள்ள விட்டா, உள்ள ஓடாத வண்டியா நிறைஞ்சிடும்ல," என்றார். பிறகு இரக்கப்பட்டு, "இப்படி ஓரமா நிறுத்திட்டு உள்ள போய்ப் பேசுங்க. கட்டடத்தை விட்டு மட்டும் போயிடாதீங்க. ஆள் இல்லாத வண்டின்னு நகராட்சி லாரி வந்து தூக்கிட்டுப் போயிடும். அவங்க தள்ளவேகூட மாட்டாங்க, அப்படியே தூக்கிடுவாங்க," என்றார்.

ஆக, வண்டி உள்ளே போகாது. அவர் வெளியே போக முடியாது. பல் பேருந்தில் ஏறாது. இதுதான் நிலைமை என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு, பையை மார்போடு அணைத்தபடி தலையாட்டி உள்ளே போனார்.

உள்ளே பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். நேற்று அவர் நின்ற இடத்தில் ஒரு மேடை முளைத்திருந்தது. மேடையில் ஜரிகைத் துணி போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பின்னால், 'பேட்டரி புகாரே இல்லாத ஆண்டு: வெற்றி விழா' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. விழா அன்று மாலைதான்.

"என்ன பிரச்சினை சார்?" என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண்.

"பேட்டரி செத்துப்போச்சும்மா."

பலூன் ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். ஒரு பலூன் காற்றை விட்டுக்கொண்டே கூரைக்குப் போய்த் திரும்பி விழுந்தது. அந்தப் பெண் எழுந்து, அவரைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

"சார், அந்த வார்த்தையை இங்க சொல்லக்கூடாது."

"எந்த வார்த்தை? பேட்டரியா?"

"அது பரவாயில்ல. அடுத்தது. எங்க கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது சார். பேட்டரி ஓய்வுல இருக்குன்னு வேணா போடலாம்."

"சரிம்மா. ஓய்வுல இருக்கு. எப்ப எழுந்திருக்கும்?"

"அது அதோட விருப்பம் சார்," என்று சொல்லி, ஒரு டோக்கனைக் கொடுத்து, மகிழ்ச்சி அலுவலரின் அறையைக் காட்டினாள்.

மகிழ்ச்சி அலுவலரின் அறையில் ஜன்னல் கிடையாது. நேற்றைய சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டார் போலிருந்தது.

"முதல்ல ஒரு விஷயம் சார். வண்டிக்கும் உங்களுக்கும் உறவு எப்படி?"

"நேத்துதான் வாங்கினேன்."

"அதைக் கேக்கல. வீட்டுக்குப் போனதும் அதுகிட்ட ஏதாவது பேசினீங்களா? தனியா விட்டுட்டீங்களா?"

"வாசல்ல நிறுத்தினேன்."

"வாசல்ல." அலுவலர் அதை வருத்தத்தோடு திரும்பச் சொல்லிக்கொண்டார். "பாருங்க சார், பத்துப் பேர் மத்தியில பாட்டும் ஹாரனுமா இருந்த வண்டி. திடீர்னு இருட்டுல தனியா நின்னா அதுக்கு எப்படி இருக்கும்? நாங்க குடுக்கும்போது எல்லா லைட்டும் எரிஞ்சதா இல்லையா?"

"எரிஞ்சது. நாள் பூரா எரிஞ்சது. அதனாலதான் பேட்டரி தீர்ந்திருக்குமோன்னு எனக்கு ஒரு…"

"எரிஞ்சதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அது போதும்."

தலையாட்டி தலையாட்டினார். பிறகு, "நீங்க எந்த வண்டி வச்சிருக்கீங்க?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"நான் பஸ்ல வர்றேன் சார். பஸ்தான் நம்பிக்கை," என்றார் மகிழ்ச்சி அலுவலர், அதே சிரிப்போடு.

இதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. பட்டறை முதலாளி. "பாலம் தாண்டியாச்சா?"

"இன்னும் இல்லீங்க. வண்டி ஓய்வுல இருக்கு."

"வண்டிக்கு என்னய்யா ஓய்வு? ஓடவே இல்லையே அது. டாக்டர் பல்லு எங்க, பல்லு எங்கன்னு உயிரை எடுக்கறாரு. பேசறவர் வீட்டுல கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காராம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா என் மச்சானை அனுப்பிடுவேன். அனுப்பினா, அப்புறம் அவனே வேலைக்கு வந்துட்டுப் போகட்டும். புரியுதா?"

புரிந்தது. தலையாட்டி நேராக மேலாளரின் அறைக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கதவைத் தட்டாமல் திறந்தார். ஆனால் உள்ளே மேலாளரைப் பார்த்ததும் பழக்கத்தில் வெளியே போய், தட்டிவிட்டு, மறுபடி வந்தார்.

மேலாளர் முழுவதையும் கேட்டார். மேசையில் இருந்த சின்ன மோட்டார் சைக்கிள் பொம்மையை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வண்டி எங்களோடது. அதுல சந்தேகமே இல்லை. ஆனா பேட்டரி எங்களோடது இல்லை. அது வேற கம்பெனி செய்யறது. நம்ம வண்டிக்குள்ள விருந்தாளியா வந்து உக்காந்திருக்கு. விருந்தாளிக்கு உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்காரனைப் பிடிப்பாங்களா?"

"அப்ப பேட்டரி கம்பெனிக்குப் போகட்டுங்களா?"

"தாராளமா. வண்டி நல்லா இருக்குன்னு நாங்க சான்று குடுத்தாத்தான் அவங்க பேட்டரியைத் தொடுவாங்க."

"குடுங்க."

"வண்டி ஓடுதான்னு பாக்காம எப்படிக் குடுக்கறது? ஓட்டிக் காட்டுங்க, இப்பவே குடுக்கறேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லை."

தலையாட்டியின் தலை பாதி ஆடி நின்றது. "புதுப் பேட்டரி ஒண்ணு மாத்திக் குடுத்துட்டீங்கன்னா…"

"இங்க புதுப் பேட்டரியே கிடையாது. நாங்க வைக்கறதில்லை. கெட்டுப்போகாத சாமானுக்கு எதுக்கு மாத்துச் சாமான்? வச்சிருந்தா, கெட்டுப்போகும்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" மேலாளர் பொம்மையை நிறுத்தினார். "உங்களுக்காக ஒண்ணு பண்ணலாம். மண்டல இயக்குநர் வாயால ஒரு வார்த்தை 'சரி'ன்னு சொல்லிட்டா, விதியைத் தாண்டி எதை வேணும்னாலும் செய்யலாம். குரல் ஒப்புதல்னு பேரு. கையெழுத்தெல்லாம் இப்ப செல்லாது. எல்லாரும் அவர் கையெழுத்தைப் போடக் கத்துக்கிட்டோம். குரல் வேணும். பதிவு பண்ணி வச்சுக்குவோம்."

"அவர்கிட்ட ஃபோன்ல பேசுங்களேன்."

"அங்கதான் சிக்கல். இந்த வாரம் பூரா அவர் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. எதைக் கேட்டாலும் 'ம்'தான். 'ம்'மை ஒப்புதலா எடுத்துக்கக்கூடாதுன்னு போன வருஷமே உத்தரவு. பெரிய சிந்தனையில இருக்கார்னு நினைக்கிறேன்."

அந்த நேரத்தில் மேசைத் தொலைபேசி ஒலித்தது. மேலாளர் எடுத்தார், எடுத்ததும் எழுந்து நின்றார். இயக்குநரின் உதவியாளர் பேசுகிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க... என்னது, சாயங்காலம் வர்றது சந்தேகமா? ஐயா இல்லாம விழாவா? ... அவருக்கு ஒரு சாமான் வரணுமா? எங்கேருந்து? ... பாலத்துக்கு அந்தப் பக்கம் டாக்டர்கிட்டயா? ... கொண்டுவர்றவன் வண்டி நடுவழியில நின்னுடுச்சாமா?" மேலாளரின் முகம் சிவந்தது. "என்ன வண்டிங்க அது? எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சது? இந்த மாதிரி வண்டியை எல்லாம் ஒருத்தன் விக்கிறான் பாருங்க, அவனை முதல்ல உள்ள தள்ளணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு அமர்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

தலையாட்டி மெல்லக் கேட்டார். "அந்தச் சாமான் பல்லுங்களா?"

தலையாட்டி பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியை ஒதுக்கி, அதற்கடியில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து, பொம்மை வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்து மண்டல இயக்குநரின் சிரிப்பு, முகமில்லாமல், மேலாளரைப் பார்த்துச் சிரித்தது.

மேலாளர் தம்மை அறியாமல் மறுபடி எழுந்து நின்றார்.

பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "குடுங்க. என் கார்ல அனுப்பிடறேன்."

"டாக்டர் கையிலதான் குடுக்கணுங்க. என் வண்டியிலதான் போகணும். வேற யார் கையிலயும் குடுக்கக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு. என் வண்டியை வேற இங்க விட்டுட்டுப் போக முடியாது. லாரி வந்து தூக்கிடும்னு உங்க காவலாளி சொல்லியிருக்காரு." தலையாட்டி இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. சொன்னவர்களுக்கெல்லாம் அவர் ஏற்கெனவே தலையாட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"விதி, விதி," என்று மேலாளர் கையை உதறினார். "ஒரு பல்லுப் பெட்டிக்குக்கூட விதியா? ஆளாளுக்கு இப்படி விதி பேசிட்டு உக்காந்தா நாட்டுல ஒரு வேலை நடக்குமா? கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேண்டாமா?"

அதற்கும் தலை ஆடியது.

மேலாளர் கண்ணாடிக் கதவு வழியே ஷோரூமைப் பார்த்தார். புதுப் பேட்டரி இல்லை. விற்பனைக்கு நின்ற வண்டிகள் எல்லாம் வாரக்கணக்கில் லைட் எரியக் காட்சிக்கு நின்றவை. அவற்றின் பேட்டரிகளும் ஆழ்ந்த ஓய்வில் இருந்தன. அவர் பார்வை மேடைக்குப் போய், ஜரிகைத் துணியின் மேல் நின்றது. நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கிய வண்டி அது ஒன்றுதான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "மேடை வண்டி பேட்டரியை இவர் வண்டிக்குப் போடு. இவரோடதை அதுல வை. மாத்தினேன்னு வெளிய சொல்லக்கூடாது. இடமாற்றம்."

"சாயங்காலம் மேடை வண்டி ஓட வேண்டாமா சார்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"அது எதுக்கு ஓடணும்? விழாவுல நிக்கத்தான் போகுது. நிக்கறதுக்கு எதுக்குய்யா பேட்டரி?" பிறகு தலையாட்டியிடம் திரும்பினார். "இதுக்குக் குரல் ஒப்புதல் வேணும். பல்லைப் போட்டதும் முதல் வார்த்தையா ஐயாகிட்ட 'சரி' வாங்குங்க. நான் ஃபோன்லயே இருக்கேன். அப்புறம் சாயங்காலம் வந்து சிரிச்ச முகத்தை அழுத்திட்டு இரண்டாவது சாவியை வாங்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் நீங்க மகிழ்ச்சியா இல்லைன்னுதான் கணக்கு."

மஞ்சள் கோட்டைத் தாண்டாமலேயே, தெருவோரத்தில், மெக்கானிக் பேட்டரியை மாட்டினார். சர்வீஸ் நடந்ததாக ஆகிவிடக் கூடாதே என்று காவலாளி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். தலையாட்டி பொத்தானை அழுத்தினார். வண்டி ஒரே அழுத்தலில் உறுமியது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பாகப் பெட்டி மருத்துவர் கைக்குப் போய்விட்டது. இயக்குநரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வாயைத் துண்டால் மூடியிருந்தார். தலையாட்டி ஓரமாக நின்று கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் மேலாளர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

மருத்துவர் மேல்செட்டை வைத்தார், கீழ்செட்டை வைத்தார், தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "காத்து வெளிய போகாம இருக்கான்னு பாக்கணும். 'சரி'ன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஸ்ஸரி," என்றார் இயக்குநர்.

"இன்னொரு தடவை, அழுத்தமா."

"சரி. சரி. சரி."

"ஐயா ஒப்புதல் குடுத்துட்டார்," என்றது கைப்பேசி, தழுதழுத்த குரலில். "அதுவும் நாலு தடவை."

மாலையில் தலையாட்டி சாவிக்காகத் திரும்பிப் போனபோது, ஷோரூம் நிறைந்திருந்தது. குடும்ப உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் நடந்து வந்திருந்தார்கள். மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துப் பேச்சு சேர்ந்திருந்தது அவரிடம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தி, பற்கள் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சுற்றுச் சிரித்தார்.

"இந்த வருஷம் ஒரு பேட்டரி புகார்கூட வரல. எப்படி முடிஞ்சுது? சின்னக் கம்பெனிக்காரன் புகார் வந்தா சரி பண்ணுவான். வந்துட்டே இருக்கும், பண்ணிட்டே இருப்பான். நாம அப்படி இல்லை. நாம வாசல்லயே ஒரு கோடு போட்டோம்."

கைதட்டல்.

"நம்ம ஊழியர்களை நான் கேட்டேன், வாடிக்கையாளர் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறீங்களான்னு. கேக்கறோம் சார்னாங்க. அப்புறம் என்ன பண்றீங்கன்னேன். அப்புறம் அவரையும் கேக்க வைக்கறோம் சார்னாங்க. அதுதான் சேவை."

வாசலில் தலையாட்டி இயந்திரத்தின் சிரிக்கும் முகத்தை அழுத்தினார். அது பச்சையாக மின்னி, 'உங்கள் மகிழ்ச்சி பதிவு செய்யப்பட்டது' என்றது. வரவேற்புப் பெண் இரண்டாவது சாவியைக் கொடுத்தாள். அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

"பல்லு பிரமாதம்னு டாக்டர் சொன்னாருய்யா," என்றார் பட்டறை முதலாளி. "மச்சான்கிட்ட வேற இடம் பாருன்னு சொல்லிட்டேன். இன்னொரு பெட்டி ரெடியா இருக்கு. உடனே வாங்க. நிக்காம வாங்க."

தலையாட்டி கைப்பேசியைப் பார்த்துத் தலையாட்டினார்.

உள்ளே இயக்குநருக்குப் பேச்சு தீரவில்லை. ஆனால் பற்களுக்கு வேறு வேலையும் கொடுத்துப் பார்க்க ஆசை வந்திருந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு காரியம் செய்தார். மேடை வண்டியின் ஜரிகைத் துணியைக் கடித்து இழுத்து உருவினார். கூட்டம் ஆரவாரித்தது.

"வாயால ஆயிரம் பேசலாம். நம்ம வண்டியே பேசட்டும். நானே ஸ்டார்ட் பண்றேன்."

மேலாளர் மேடையின் ஓரத்தில் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். ஐயா பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது விதி. வாயை மூடிக்கொண்டார். மெக்கானிக் கூரையில் இருந்த பலூனை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இயக்குநர் விரலை உயர்த்தி எல்லோருக்கும் காட்டி, பொத்தானை அழுத்தினார்.

வெளியே தெருவில் தலையாட்டியும் அழுத்தினார்.

எஞ்சின் உறுமியது. ஷோரூமின் கண்ணாடிகள் அதிர்ந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் இரு கைகளையும் விரித்து, மேல்செட்டும் கீழ்செட்டும் பளிச்சிட நின்றார். மேடை வண்டி அவருக்குப் பக்கத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நின்றது.

மேலாளர் மட்டும் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். கூட்டத்தின் ஓரமாக ஓடி வாசலுக்கு வந்தார்.

"ஆஃப் பண்ணிடாதீங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னார். "அப்படியே ஓடட்டும். ஐயா இறங்கற வரைக்கும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலையாட்டியின் தலை வழக்கம்போல் ஆடியது. ஆடிய பிறகுதான் யோசித்தார். உடனே வரச் சொன்னவருக்கும் தலையாட்டியாகிவிட்டது. ஓடிக்கொண்டே இருக்கச் சொன்னவருக்கும் தலையாட்டியாகிவிட்டது. யோசித்துப் பார்த்ததில், இரண்டையும் ஒன்றாகவே செய்யலாம் என்று தோன்றியது. வண்டியை ஆஃப் பண்ணவில்லை. கியரைப் போட்டார்.

மேடையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் வாசலை விட்டுக் கிளம்பி, தெருவில் இறங்கி, முனையில் திரும்பி, பட்டறையின் பக்கமாகப் போய்த் தேய்ந்து மறைந்தது.

கைதட்டியவர்களின் கைகள் பாதியில் நின்றன. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். இயக்குநர் குனிந்து எஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"கவனிச்சீங்களா," என்றார். "முதல்ல ஒரு உறுமல். அப்புறம் சத்தமே இல்லாம ஓடிட்டிருக்கு."

மகிழ்ச்சி அலுவலர்தான் முதலில் கைதட்டினார்.